சத்து மாத்திரை

இங்கே லண்டனில் நோயாளிகள் மிச்சமான மாத்திரைகளை, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் குப்பியோடு கொண்டுவந்து தருகிறார்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவற்றைத் தட்டில் கொட்டி எண்ணுவது என் வேலை. எலும்புக்குள் பிறக்கும் ஓர் அரிய ரத்தப் புற்றுக்கு, இரண்டு வகை மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் நீளுமா என்று சோதிக்கிறார்கள். போன வாரம் ஒரு கிழவரின் குப்பியில் இரண்டு குறைந்தது. "வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். கேலி என்று நினைத்துச் சிரித்தார். "இந்த விஷத்தையா? புற்றுநோய் எனக்குத்தானே! கைதவறிக் கைகழுவும் தொட்டியில் விழுந்துவிட்டது." மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல அந்த நோயின் பெயரைச் சொன்னார். நான் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அவர்மேல் சந்தேகப்பட்டு அல்ல.

அம்பத்தூர் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவுக்கும் இதே நோய். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இதேபோல ஒரு மாத்திரைச் சோதனை. "அவர்கிட்ட நோயோட பேரைச் சொல்லாதே. நீ படிச்சவன், நீயே கையெழுத்துப் போடு" என்றார் டாக்டர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சம்மதப் படிவத்தில் பெருமையாக ஆங்கிலத்தில் போட்டேன். திருமுல்லைவாயில் வீட்டில் இரண்டு குப்பிகளையும் அப்பாவிடம் கொடுத்து, "சத்து மாத்திரைப்பா" என்றேன்.

அடுத்த முறை போனபோது அப்பா டாக்டரை மனதாரப் பாராட்டினார். "மருந்து நல்லா வேல செய்யுது டாக்டரே. நம்ம ஏழுமலைக்கே முட்டி வலி வுட்டுப்போச்சுன்னா பாத்துக்கங்களேன்." ஏழுமலை பட்டறைக் கூட்டாளி. ஒரு குப்பியில் பாதி அவன் வாய்க்குப் போயிருந்தது. டாக்டர் அப்பாவைச் சோதனையிலிருந்து நீக்கி, அட்டையில் குறுக்கே கோடு இழுத்தார். சோதனையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த மருந்து. "இவங்களுக்கெல்லாம் மருந்து குடுத்து என்னய்யா பிரயோஜனம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சத்து மாத்திரை என்று சொன்னவன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எஸ் சார்" என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் அப்பா கேட்டார்: "இன்னாத்துக்குடா அந்தாளு கோச்சிக்கினாரு? நீதான சத்து மாத்திரன்ன. கூட வேல செய்றவன் நொண்டிகினு கீறான், நான் மட்டும் முழுங்கினா நல்லாவா கீது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருந்து இல்லாமல் மழைக்காலம்வரை இருந்தார். எதனால் சாகிறோம் என்று தெரியாமலே போனார்.

ஊரில் இதைப் படிப்பவர்கள், மனசு உடைந்துவிடும் என்றுதானே மறைத்தாய் என்பார்கள். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். டாக்டரின் எகத்தாளம் அருவருப்பு; அதற்கு ஒத்து ஊதிய என் படிப்பு அதைவிட அருவருப்பு.

இன்று வந்த குப்பியில் எண்ணிக்கை சரியாக இருந்தது. கை இங்கே தட்டில் மாத்திரைகளை நகர்த்துகிறது. தலை அந்த டாக்டர் அறையில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.