கடையில் விற்ற தோல் நிறம்

1. சால்வோவின் சட்டை

பனித்தளத்தில் ஜோடியாகச் சறுக்கி ஆடும் பனி நடனத்தில் நான் முதலில் தோற்றது முகப்பவுடரால். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

மன்னாரிலிருந்து சிறு பிள்ளையாக இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தவள் நான். அம்மா வீடுகளில் துப்புரவு வேலை செய்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குளிர்காலத்தில் மட்டும் பனித்தளம் போடுவார்கள். அங்கேதான் பழகினேன். வெயில் மாதங்களில் சக்கர ஸ்கேட். என் ஜோடி சால்வோ இத்தாலியன். என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. ஜோடியில் ஒருவர் இத்தாலியராக இருந்தால் இத்தாலிக்காகச் சர்வதேசப் போட்டிக்குப் போகலாம். சால்வோ வேறு பெண்ணோடு ஆடப் போனால் இத்தாலிக்காக நான் ஆடவே முடியாது.

பெண்கள் பாவாடை போட வேண்டும். அதற்குள் தோல் நிற நீளக் காலுறை. கடையில் விற்ற தோல் நிறம் ஒன்றே ஒன்று. அது அவர்களுடைய தோல்.

எங்களைப் பழக்கிய அம்மையாரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"உன்ரை கால் ஒரு ஆளின்ரை, கை வேறை ஆளின்ரை மாதிரிக் கிடக்கு. கையை வெள்ளையாக்குவம்."

காலுறையை மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கறுப்புக் காலுறை போடட்டுமா என்று கேட்டேன். அது விதவைகளுக்கு என்றார். முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் பவுடரை அப்பினார்.

அந்தப் போட்டியில் நாங்கள் ஆடியது டாங்கோ, நெருங்கிப் பிடித்து ஆடும் நடனம். எனக்கு வியர்த்தது. பவுடர் முழுவதும் சால்வோவின் கறுப்புச் சட்டைக்குப் போனது. முதுகில் என் கை, தோளில் என் கன்னம். சனம் சிரித்தது. நடுவர்கள் புள்ளியைக் குறைத்தார்கள்.

"நான் ஆட வந்தனானா, பேக்கரியிலை மா குழைக்க வந்தனானா?" என்றான் சால்வோ.

தேசிய அணியைத் தெரிவு செய்ய இன்னும் ஒரு போட்டிதான் இருந்தது. அதிலும் சொதப்பினால், சால்வோவுக்கு மிலானோவில் ஒரு பெண் தயாராக இருக்கிறாள் என்றார் சிஞ்ஞோரா. அதற்குள் ஒட்டிப் பிடிக்கும் நல்ல பவுடர் வாங்குவாராம்.

2. பானை

வீட்டுக்கு வந்து பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். இருந்த தேயிலைத் தூளையெல்லாம் கொட்டினேன். என்னிடமிருந்த அத்தனை காலுறைகளையும் உள்ளே போட்டேன். உடுப்பின் கழுத்தில் இருந்த வெளிறிய வலைத்துணியையும் வெட்டிப் போட்டேன்.

அம்மா வேலையால் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"குடிக்கிற தூளைக் காலுக்கு ஊத்துறியோடி?"

விஷயத்தைச் சொன்னேன். அம்மா கரண்டியால் ஒன்றைத் தூக்கி என் காலோடு வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஊறட்டும். உன்ரை முழங்கால் இதைவிடக் கறுப்பு."

3. தெரிவு

போட்டியன்று பனித்தள வாசலில் சிஞ்ஞோரா என் கால்களைப் பார்த்தார். கையில் புதிய பவுடர் டப்பா.

"கழட்டு. வேறை போடு."

"வேறை இல்லை, சிஞ்ஞோரா. எல்லாத்தையும் அவிச்சுப் போட்டன்."

"அப்ப மிலானோப் பிள்ளையைக் கூப்பிடுறன்."

"கூப்பிடுங்கோ. இண்டைக்கு நான்தான் ஆடுறன்."

அவர் சால்வோவைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான். "என்ரை சட்டை சுத்தமாக் கிடக்கு. எனக்கு அது காணும்."

எங்கள் பெயரை அழைத்தார்கள். ஆடினோம். அவன் சட்டையில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. எங்களை அணிக்கு எடுத்தார்கள். காலுறையின் நிறம் தன்னுடைய யோசனை என்று சிஞ்ஞோரா பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இத்தாலிக்காகச் சில வருடங்கள் ஆடினேன். பதக்கம் கிடைக்கவில்லை. எங்களைவிட நன்றாக ஆடியவர்கள் வென்றார்கள். அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இப்போது பழகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முழங்காலை இன்னும் மடக்கச் சொன்னால் மடக்குங்கள். சறுக்குக் கத்தியின் எட்ஜ் பிழை என்றால் விழுந்து எழும்பித் திருத்துங்கள். அதெல்லாம் வேலை. தோலைத் திருத்தச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பனியில் இறங்கி ஆடுங்கள்.