தொண்ணூற்றாறு டிகிரி என்று நான் சொன்ன நாட்கள்

கல்யாணமாகி ஏழு வருடத்தில், நானும் என் கணவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் பத்து மாதம் தேறாது. அவர் சவூதியில் ஏ.சி. மெக்கானிக். கடையநல்லூரில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் வெளிநாட்டில்தான் என்பதால் இதை யாரும் ஒரு குறையாகப் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை. என்னோடு இருந்த மாமி, அவருடைய அம்மா, இறந்த பிறகு, கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் வேலை தென்காசி ஸ்டூடியோ ஒன்றில் கிடைத்தது. போய்வர வசதியாக இருக்கட்டும் என்று மேலகரத்தில் ஒரு மாடி வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தேன்.

எடிட்டிங் எல்லாம் அவருடைய லேப்டாப்பில்தான். போன லீவில் வந்தபோது கேம் ஆடுவதற்கென்றே ஆசைப்பட்டு வாங்கியது. அறுபது நாளும் கார் ரேஸ் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது, “அங்கன ரூம்ல எட்டு பேரு. எங்க வச்சி ஆடுதது? நீயே வச்சிக்கோ” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை வரும்போது இங்கே மூன்று மணி. அப்போதுதான் கூப்பிடுவார். சாப்பிட்டியா, மழை உண்டா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே. இதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு மறுநாள் மூன்று மணி வரை என் குரலை நானே கேட்காத நாட்களும் உண்டு.

போன வருடம் குற்றால சீசன் நன்றாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆட்கள் எங்கள் ரோட்டில் போவார்கள். அந்தக் குளிரில்தான் லேப்டாப் கொதிக்க ஆரம்பித்தது. எடிட் செய்த வீடியோவை ஒரே ஃபைலாக மாற்றப் போட்டால் ஃபேன் இரைந்தது. கீபோர்டில் விரல் வைக்க முடியவில்லை. ஒரு நாள் மணப்பெண் மேடைக்கு நடந்து வருகிற இடத்தில் தானாகவே அணைந்துவிட்டது. வெப்பநிலை காட்டும் ஒரு புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். பிராசஸர் தொண்ணூற்றேழு டிகிரி.

மறுநாள் பேச வேறெதுவும் இல்லாததால் இதைச் சொன்னேன். அவர் குரலே மாறிவிட்டது.

“ஏட்டி, நில்லு. சும்மா கிடக்கும்போது எவ்வளவு காட்டுது?”

“அறுபத்தெட்டு.”

“அதுவே சாஸ்தி. நீ எதுல வச்சி வேலை பாக்குத?”

“கட்டில்ல. மெத்தை மேல.”

“மெத்தையிலயா? அடியிலதானட்டி காத்து உள்ள போவணும்! அதை அடைச்சி வச்சா அது என்ன செய்யும்?”

அன்று பதினெட்டு நிமிடம் பேசினார். வைத்த பிறகு போனில் அந்தக் கணக்கைப் பார்த்தேன்.

மேஜையில் வைத்து, பின்பக்கம் இரண்டு மரத்துண்டு கொடுத்துத் தூக்கிவிட்டேன். ஒரே ஒரு டிகிரி குறைந்து தொண்ணூற்றாறு வந்தது. அடுத்த நாள், பின்னால் ஓடிக்கொண்டிருந்த தேவையில்லாத புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். அதற்கடுத்த நாள், பிராசஸர் முழு வேகத்தில் ஓடாதபடி ஒரு செட்டிங்கை மாற்றச் சொன்னார். எண்பதுக்கு இறங்கியது. ஆனால் ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி நேரம் இழுத்தது. “இது நோவுக்கு மருந்தில்ல, சும்மா படுக்க வைக்குதது” என்று அவரே அதைப் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டார். சூடு மறுபடி தொண்ணூற்றாறில் போய் நின்றது.

பிறகு ஒரு நாள், டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து, காற்று வெளியே வருகிற இரண்டு ஓட்டைக்கும் நேராகப் பிடிக்கச் சொன்னார். ஏ.சி.யிலும் அப்படித்தான் பார்ப்பார்களாம். இடது பக்கம் பேப்பர் படபடத்தது. வலது பக்கம் தொங்கியபடியே இருந்தது.

“அவ்வளவுதான். வலது ஃபேன் சுத்தல” என்றார். அப்படி ஒரு சந்தோஷம் குரலில். “நீ தொறந்துராத. பேட்டரி வயரைக் கழத்தாம கை வச்சா போர்டு போயிரும். தென்காசியில கடையில குடு.”

கடையில் கொடுக்க எனக்கு மனமில்லை. யார் யார் வீட்டுப் பெண்களின் வீடியோவோ அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு நானே திறந்தேன். அடியில் பதினொரு ஸ்க்ரூ. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். வலது ஃபேனைச் சுற்றி மெத்தைப் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. நடுத்தண்டில் என் தலைமுடி, நீளநீளமாக, இறுகச் சுற்றிக் கிடந்தது. புருவம் எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவினேன். பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தள்ளினேன். மூடி, ஆன் செய்து, வீடியோவை ஓடவிட்டேன். எழுபத்து நான்கு. அரை மணி நேரம் கழித்தும் எழுபத்து நான்கு.

தனியாகச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று மணிக்குக் காத்திருந்தேன்.

போன் வந்தது. எடுத்த உடனே, “இப்ப எவ்வளவு?” என்றார்.

“தொண்ணூத்தாறு” என்றேன்.

அப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். திங்களும் அதையே சொன்னேன். செவ்வாயும் சொன்னேன். ரூமில் இருக்கும் மற்றவர்களிடமும் யோசனை கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்னதையெல்லாம் எனக்கு விளக்கினார். சிரித்தார். எதிரே மேஜையில் லேப்டாப் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் இரைச்சல் கேட்கவில்லையே என்று அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நான் மாடிப்படியில் போய் நின்று பேசினேன்.

புதன்கிழமையும் தொண்ணூற்றாறு என்றேன். வியாழக்கிழமை அவர் முந்திக்கொண்டு சொன்னார்: “ஃபேன் வாங்கிட்டேன். மூணு கடை ஏறி இறங்கினேன். நாப்பத்தேழு டிகிரி வெயிலு, தலையே சுத்திட்டு. நம்ம ரூம்காரர் ஒருத்தரு நாளைக்கு ஊருக்கு வாராரு, குடுத்து விடுதேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அது வேண்டாம் மச்சான். சரியாயிட்டு.”

“எப்பம்?”

“ஞாயித்துக்கிழமையே. நானே தொறந்தேன்.”

அந்தப் பக்கம் லாரி போகிற சத்தம் கேட்டது. “பொறவு ஏன் தொண்ணூத்தாறுன்ன?”

“சரியாயிட்டுன்னு சொன்னா நீங்க போனை வச்சிருவிய.”

திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு மிசினைப் பத்தித்தான் பேசத் தெரியும்ட்டி. வேற என்ன பேசதுன்னு தெரியல. இங்கன டெய்லி ஒரே நாளுதான். எதைச் சொல்ல?” பிறகு, “வேலைக்குக் கூப்பிடுதான்” என்று வைத்துவிட்டார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் போன் வரவில்லை. ஒரு முறை நானாகக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிட்டார். கோபமும் இல்லை, நான் சொன்ன பொய்யைப் பற்றிய பேச்சும் இல்லை. “ரூம்காரரு வந்துட்டாராம். போயி பார்சலை வாங்கிக்கோ” என்றார்.

கடையநல்லூர் பஸ்ஸில் போனேன். அந்த வீட்டில் பெட்டிகள் எல்லாம் திறந்து கிடந்தன. வந்தவரின் தோளில் ஒரு பிள்ளை, மடியில் ஒரு பிள்ளை. அவர் மனைவி எனக்கு டீ கொடுத்தாள். எதற்கென்று இல்லாமல் சும்மாச் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். டீயைச் சூடாகவே குடித்துவிட்டு பார்சலோடு கிளம்பினேன்.

மறுநாள் அவர் போனில் இருக்க, லேப்டாப்பைத் திறந்து புதிய ஃபேனை வைத்துப் பார்த்தேன்.

“பொருந்துதா?”

பொருந்துகிறது என்று சொல்லி அவர் மனதைக் குளிர வைத்திருக்கலாம். “இல்ல மச்சான். ஸ்க்ரூ ஓட்டை தள்ளி இருக்கு” என்றேன்.

“எவ்வளவு தள்ளி? ஸ்கேல் வச்சி அளந்து சொல்லு.”

நான்கு மில்லிமீட்டர். வேறு மாடலுக்கான ஃபேன் அது. மறுபடி கேட்டார், மறுபடி அளந்தேன். ஓட்டையைப் பெரிதாக்கலாமா, கம்பியை வளைக்கலாமா என்று இடைவேளை முடியும்வரை பேசினோம். கடைசியில், “பழசே ஓடட்டும்” என்றார்.

போனை வைத்தபின் பழைய ஃபேனையே மாட்டி, பதினொரு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். அன்று மாலை ஒரு வளைகாப்பு வீடியோவை முடித்து ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் எங்கள் பேச்சு பழையபடி இரண்டு நிமிடத்துக்கு வந்துவிட்டது. அவருக்கு லீவு கிடைக்க இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.