அர்ச்சனைக்குச் சொன்ன பெயர்

அம்மா காணாமல் போன காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். சமையல் கேஸ் கொண்டுவந்தவர் போன பிறகு முன்பக்கக் கிரில் பூட்டப்படவில்லை. யார் பூட்டவில்லை என்று கேட்க வேண்டாம். அந்த வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தால் நாற்காலி காலி. கைப்பை இருந்தது. அடையாள அட்டை அலமாரியில் இருந்தது. அன்றைய சர்க்கரை மாத்திரைகள் டப்பாவில் அப்படியே இருந்தன.

ஈப்போ, ஜெலாப்பாங்கில் எங்கள் தாமான் தெருக்கள் முழுவதும் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நாசி லெமாக் விற்கும் அக்கா, "ஆண்ட்டி பஸ் ஏறுன மாதிரி இருந்திச்சி லா," என்றார். எந்த பஸ்? பார்க்கவில்லை. ஏறியது எங்கள் அம்மாதானா? அதுவும் சரியாகத் தெரியவில்லை. அப்படியென்றால் எதற்கு வாயைத் திறந்தீர்கள் என்று கத்திவிட்டேன். பாவம், அவர் எனக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்.

பாலாயில் புகார் எழுதிய இளம் போலீஸ்காரர் அம்மாவின் அட்டையையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காணாமல் போனது உங்கள் அக்காவா?" என்று மலாயில் கேட்டார். அம்மா என்றேன். மறுபடியும் அட்டைகளைப் பார்த்தார்.

அவர்மேல் குற்றமில்லை. அட்டைப்படி அம்மா என் அப்பாவுக்கு மகள். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்த மராத்திக் குடும்பம். தலைமுறைகளாகத் தமிழில்தான் சிரிக்கிறோம், சண்டை போடுகிறோம்; சாமி அறையிலும் சமையலறையிலும் மட்டும் கொஞ்சம் பழைய மராத்தி மிச்சம். எங்களில் கல்யாணமான பெண்ணின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் எழுந்துபோய்ப் புருஷன் பெயர் உட்கார்ந்துகொள்ளும். அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அப்பா கூட்டிப்போய் அட்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் வழக்கப்படி அம்மாவின் பெயரைச் சொல்லி, பின்னால் தன் பெயரைச் சொன்னார். எழுதியவர் அவருக்குத் தெரிந்த வழக்கப்படி நடுவில் 'இன்னாரின் மகள்' என்று சேர்த்துவிட்டார். திருத்த இன்னொரு நாள் லீவு போட வேண்டுமே என்று அப்பா அப்படியே விட்டுவிட்டார். அம்மாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம், "போயி உங்கப்பன்கிட்ட சொல்லு, அது நான்தான்," என்று அப்பா கிண்டல் செய்வார். அம்மா கரண்டியை எடுப்பார். அப்பா போய் வெகுகாலம் ஆகியும் அந்தக் கிண்டலை நான் விடவில்லை.

போலீஸ்காரர் கடைசியாக ஒன்று கேட்டார். "வேறு பெயர் ஏதாவது உண்டா? வீட்டில் கூப்பிடுவது?"

இல்லை என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன். அம்மாவை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? அப்பாவுக்கு அவர் 'இந்தா'. பீடோரில் இருக்கும் அம்மாவின் தம்பிக்கு அவர் 'அக்கா'. தெருவுக்கு 'ஆண்ட்டி'. அட்டையில் இருந்த பெயர், லட்சுமிக்கு உள்ள பல பெயர்களில் ஒன்று, மருந்தகத்தில் கூப்பிடும்போது மட்டும்தான் காதில் விழும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. தூங்கினேனா, சாப்பிட்டேனா என்பது நினைவில் இல்லை. ஈப்போவில் உள்ள மருத்துவமனைகளுக்குப் படத்தோடு நேரில் போனேன். வெளியூர் மருத்துவமனைகளுக்குப் போன் போட்டேன். ஒவ்வோர் இடத்திலும் அம்மாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, தகப்பன் பெயர் என்று என் அப்பாவின் பெயரையும் சொன்னேன். தேடினார்கள், இல்லை என்றார்கள். இல்லை என்று கேட்டதும் முதலில் ஒரு நிம்மதி வரும், அடிபட்டுக் கிடக்கவில்லையே என்று. போனை வைத்ததும் அந்த நிம்மதியே பயமாகிவிடும். ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் எங்கே? கால்வாயிலா? பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் இந்த ஊரைச் சுற்றி எத்தனை இருக்கின்றன என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அம்மாவின் படம் வாட்சப்பில் சுற்றியது. யாரோ ஒருவர் தன் கடையில் தோசை சாப்பிட்டதாகச் சொன்னார்; போய்ப் பார்த்தால் அது போன மாதமாம். ஒருவர் முன்பின் தெரியாத சீனக் கிழவியின் படத்தை அனுப்பி இவரா என்று கேட்டார். தஞ்சோங் ரம்புத்தானில் பார்த்தாயா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்; பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் பழிப்பதற்கு நாங்கள் எடுத்த பெயர் அது. அங்கேயும் போனேன். வாசலில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, பொறுமையாகத் தேடிப் பார்த்து, இல்லை என்றார். அழுவதற்கு அவர் ஒருவர்தான் அன்று இடம் கொடுத்தார்.

கொஞ்ச காலமாகவே அம்மாவின் ஞாபகம் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தது. சாயங்காலமானால் அவருடைய அப்பா ஆபீசிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்பார். அதனால் பீடோருக்கு அப்பால் அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கும் காரை ஓட்டினேன். ரப்பர்ப் பால் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. கிராணி வீடுகள் இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. வரிசைகளுக்கு நடுவே நின்று "அம்மா, அம்மா" என்று கத்தினேன். குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்து ஆள் ஒருவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, அவரும் "அம்மா" என்று கத்தியபடி அடுத்த வரிசைக்குள் போனார். இரண்டு பேரும் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

மறுநாள் பீடோரிலிருந்து மாமா பஸ் பிடித்து வந்துவிட்டார். முழங்கால் வலி, காது மந்தம், கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். அம்மா காணாமல் போன வீட்டுக்குக் கொய்யாப்பழம். வந்ததும் கோயிலுக்குப் போகலாம் என்றார்.

"சாமி என்ன பாலாய்லயா உக்காந்திருக்கு, ரிப்போர்ட் எடுக்க? நான் போன் போடணும் மாமா," என்றேன்.

"போன் எப்பவும் போடலாம். வாம்மா, ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துருவோம். மனசு கேக்கல."

அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. போனேன். செவ்வாய்க்கிழமை, கூட்டம். தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மாமா நட்சத்திரம் சொன்னார். ஒரு பெயரும் சொன்னார். அது ஓர் ஆற்றின் பெயர். நான் என் வாழ்நாளில் எங்கள் வீட்டில் கேட்டிராத பெயர். குருக்கள் அதைச் சொல்லிச் சங்கல்பம் செய்துகொண்டே உள்ளே போனார்.

"யாருக்கு மாமா அர்ச்சனை பண்றீங்க?"

"அக்காவுக்குத்தான்."

"அது அம்மா பேரு இல்லயே."

"அதான்மா பேரு. பொறந்த பேரு." காது கேட்காதவர்கள் பேசும் சத்தத்தில் சொன்னார்; முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கல்யாணத்தன்னிக்கி தட்டுல அரிசியப் பரப்பி, உங்கப்பா மோதிரத்தால புதுப் பேர எழுதுனாரு. அதுக்கப்பறம் பழசச் சொல்லக் கூடாது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் அப்படித்தான். ஆனா சாமிகிட்ட பொறந்த பேரத்தானே சொல்லணும்?"

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களவர்களில் இங்கே மிச்சமிருக்கும் சிலரும் தமிழ் முறைப்படிதான் தாலி கட்டுகிறார்கள். அந்த அரிசித் தட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை.

"இத ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலயேம்மா," என்றார். உண்மைதான், யாராவது தன் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்பார்களா? அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. தீபாராதனைக்கு நிற்காமல் வெளியே ஓடினேன்.

கோயில் கார் நிறுத்தத்தில் செருப்பில்லாமல் நின்று, முதலில் போன் போட்ட இடங்களுக்கெல்லாம் திரும்பப் போட்டேன். இப்போது ஆற்றின் பெயர். தகப்பன் பெயர் கேட்டபோது மாமாவின் அப்பா பெயரைச் சொன்னேன். தெற்கே ஒரு சிறிய ஊரின் மருத்துவமனையில் போனை எடுத்த பெண் பெயரைத் தட்டித் தேடினாள். பிறகு, "இருக்கிறார், அக்கா. பெண்கள் வார்டு," என்றாள்.

அதே எண்ணுக்கு நான் ஏற்கெனவே பேசியிருந்தேன். அதே குரல்கூட. அன்றைக்கும் அம்மா அங்கேதான் படுத்திருந்தார்.

ஓட்டிக்கொண்டு போகும்போது மாமா பக்கத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சத்தம் போட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். அவருக்கு அது எவ்வளவு கேட்டதோ தெரியாது.

மருத்துவமனை முகப்பில் இருந்த பெண் விவரம் சொன்னாள். சாலையோரம் மயங்கி விழுந்தவரை யாரோ ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இடுப்பில் அடி. விழித்ததும் தன் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தெளிவாகச் சொன்னாராம். அவ்வளவு தெளிவாகச் சொன்னவரை யார் சந்தேகப்படுவார்கள்? அந்தப் பெயரில் காணாமல் போனவர் யாரும் இல்லை. கைரேகை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். தேய்ந்துபோன விரல், இயந்திரத்தில் விழவில்லை.

அம்மாவின் அட்டையை நீட்டினேன். பெயர் வேறு, தகப்பன் வேறு. படம் மட்டும் அம்மா. என் அட்டையைக் கேட்டாள். அவளும் இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். நான் அரிசியைச் சொன்னேன், மோதிரத்தைச் சொன்னேன், அப்பாவின் லீவைச் சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அவள் நல்ல பெண். படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அட்டைப்படி போட்டுக்கொள்ளட்டுமா, பிறகு மேலிடத்தில் பேசிக்கொள்ளலாம் என்றாள். உறவு என்ற இடத்தில் 'அடேக்' என்று எழுதினாள். தங்கை. கையெழுத்துப் போட்டேன். பேத்தி என்று எழுதியிருந்தாலும் போட்டிருப்பேன்.

ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். "நீ போம்மா," என்று மாமா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். மெலிந்திருந்தார். யாரோ தலையை இரண்டாக வகிர்ந்து பின்னி விட்டிருந்தார்கள். கதவருகிலிருந்தே "அம்மா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பினார், அம்மா திரும்பவில்லை. பின்னால் வந்த மலாய்த் தாதி அந்த ஆற்றின் பெயரைச் சொன்னாள். அம்மா உடனே தலையைத் திருப்பிச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கிடைத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார், அது போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. கூச்சத்தோடு கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"அழுவாதீங்கக்கா. யாரத் தேடி வந்தீங்க?"

"எங்கம்மாவ."

"பேரு என்னா?"

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அட்டையில் இருந்த பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"இந்த வார்டுல அவங்க இல்லக்கா. பெரிய ஆஸ்பத்திரில கேட்டுப் பாருங்க," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். "கெடச்சதும் எனக்கும் வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."