சாக்கில் மாறிப்போன அலகு

மடக்குக் குறடு விற்கிறவன், சாமானை வாங்கிப் பார்க்கிற ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மீராலெவ்வை காக்காவின் மடக்குக் குறட்டிலிருந்து கத்தி அலகைக் கழற்றி எடுத்து, அந்த இடத்தில் உன்னுடைய அலகை மாட்டிவிட்டு, நான் எடுத்துக் கொடுத்த பால் விடாத பிளேன்டியையும் குடித்துவிட்டுப் போனவன் நீ. பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், உன் வீட்டுக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. மடக்குக் குறடு என்று நாங்கள் சொல்வது கடைப் பெட்டியில் மல்டிடூல் என்று எழுதியிருக்கிற சாமான். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் குறடு, கத்தி, அரம், வாள், தகரம் வெட்டி என்று வந்துகொண்டே இருக்கும். கல்முனை பசாரில் டோர்ச்சும் மணிக்கூட்டு வாரும் விற்கிற என் மேசையில் இதற்கென்று ஒரு மூலை வைத்திருக்கிறேன். இந்தப் பைத்தியம் பிடித்தவனுக்கு ஒன்று இருந்தால் போதாது. வாங்கியதைக் கழற்றாமல் இருக்கவும் ஏலாது. பெண்சாதிக்குத் தெரியாமல் உடுப்பு அலுமாரிக்குள் நாலு குறடு ஒளித்து வைத்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எங்கள் நோய் எங்களுக்குத்தான் விளங்கும்.

கட்டாரிலிருந்து வந்தது

எங்கள் பக்கத்துக்கு நல்ல சாமான் இரண்டு வழியால் வரும். அறுகம்பேயில் அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் போகிற நேரம் விற்றுவிட்டுப் போவது ஒன்று. வெளிநாட்டில் வேலை முடிந்து வருகிறவர்கள் கொண்டுவருவது மற்றது. இரண்டாவதில் விலை குறைப்பதில் நான் பேர்போனவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நடைபாதையில் சீப்பு விற்றுப் படித்த வித்தை அது. குறட்டைக் காதுக்குக் கிட்ட வைத்துத் திறப்பேன், மூடுவேன், தலையை ஆட்டுவேன். வாய் திறக்க மாட்டேன். எதிரில் நிற்கிறவர் தானாகவே விலையிறங்குவார்.

கட்டாரில் பைப் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரிடம் இதைத்தான் செய்தேன். சாமான் பளிங்குமாதிரி இருந்தது. சுருள் வில்லு தளர்ந்துவிட்டது, உள்ளுக்குள் துரு என்று பொய்க்கு மேல் பொய் அடுக்கினேன். கடைசியில் நான் சொன்ன விலைக்கே தந்தார். தருவதற்கு முதல், ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் ஒருமுறை விரித்து, சேட்டு நுனியால் துடைத்து, மடித்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, "அங்க உழைச்சதில மிஞ்சின இது ஒண்டுதான் காக்கா, இதுக்கும் குறை கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார்.

வெட்டிய கொக்கி

இருக்கிறதை இருக்கிறபடி விற்றால் மேசை நிறையாது. மாற்றிக் கொடுக்க வேண்டும். நெல் வெட்டுகிற மெசினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வாளை எடுத்துவிட்டு அரம் போட வேண்டும். கடலுக்குப் போகிறவனுக்குத் தகரம் வெட்டியைத் தேய்த்து வலை ஊசியாக்க வேண்டும். என்னிடம் சின்ன கிரைண்டர் ஒன்று இருக்கிறது. அதைவிடச் சூடான தலை ஒன்றும் இருக்கிறது.

மருதமுனையில் தறி வைத்திருக்கிற ஒரு ராத்தா, தறி அச்சின் பல்லுக்குள்ளால் நூலை இழுக்க ஒரு கொக்கி கேட்டார். பிளாஸ்டிக் கொக்கி அடிக்கடி உடைகிறதாம். குறட்டின் மெல்லிய திருகாணிச் சாவியைக் கொக்கியாக வளைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நான் சும்மா இருக்காமல், "என்ன ராத்தா, உடைச்சிட்டீங்களா?" என்று முந்திக்கொண்டேன். ஓரத்தை மினுக்காமல் கூராகவே விட்டிருந்தது நான். தறியில் நீட்டியிருந்த பாவு நூலில் பாதி அறுந்து, இரண்டு நாள் வேலை வீண். சத்தம் போடுவார் என்று பார்த்தால் போடவில்லை. "ஒங்கட கொக்கி நல்லா வெட்டுது தம்பி, எனக்கு இழுக்கத்தான் வேணும்" என்றார்.

இடது பெருவிரல்

மீராலெவ்வை காக்கா சாய்ந்தமருதுக்காரர். தோணியில் தனியே போகிறவர். வலது கையில் இரண்டு விரலை முன்னொரு காலம் என்ஜின் பெல்ட் கொண்டுபோய்விட்டது. அவருடைய மடக்குக் குறடு மருமகன் கொண்டுவந்து கொடுத்த பழைய சாமான். அலகை விரிக்க நகத்தை விட்டு இழுக்கிற பள்ளம் மட்டுந்தான் அதில் இருந்தது. அதற்கு இரண்டு கையும் நேராக இருக்க வேண்டும்.

நான் அலகின் முதுகைக் கவ்விக்கொண்டு நிற்கிறமாதிரி ஒரு பித்தளைக் குமிழ் செய்து, சின்னத் திருகாணியால் முறுக்கிவிட்டேன். இடது பெருவிரலால் குமிழைத் தள்ளினால் அலகு விரியும். வேலை முடிகிற நேரம் கிரைண்டர் வழுகி அலகின் அடியில் நெல்மணி நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்துவிட்டது. எனக்கு மானம் போன மாதிரி. "அடையாளத்துக்குப் போட்டது காக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் மேசைக்கு முன்னால் நின்று இடது கையால் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். வந்து நின்ற வேறு ஆக்களெல்லாம் அலுத்துப் போய்விட்டார்கள். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கை தவறினதெண்டு எனக்குத் தெரியும் தம்பி, பறவாயில்ல, இனி இது என்டதான் எண்டு பாத்தாத் தெரியும்" என்றார்.

வெள்ளிக்கிழமைச் சாக்கு

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் கடற்கரையில் கூடுவோம். தோணிகளை ஏற்றி வைத்திருக்கிற இடத்தில் ஒரு உரச் சாக்கை விரித்து, ஆளுக்காள் தங்கள் குறட்டை அதில் வைப்போம். நிறுத்துப் பார்ப்போம், திறக்கிற சத்தம் கேட்போம், ஆணியை வெட்டிப் பார்ப்போம். சம்மாந்துறையிலிருந்து ட்ரக்டர் மெக்கானிக் நிசார் வருவான். பாண்டிருப்பிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வருவார். பொத்துவில் பக்கத்திலிருந்தும் சிலர். எங்களுக்குள் ஒரு முறை உண்டு: ஒரு நேரத்தில் ஒரு குறட்டைத்தான் கழற்றலாம். அதைப் பூட்டி முடிக்காமல் அடுத்ததில் கை வைக்கக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை முறையை மீறியது நான். மீராலெவ்வை காக்கா அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் எண்ணெய் விடச் சொல்லித் தன் குறட்டைத் தந்திருந்தார். "அமானிதம் தம்பி, சனிக்கிழமை எடுக்கிறன்" என்று நம்பி ஒப்படைத்த சாமானை நான் பெருமை காட்டச் சாக்குக்குக் கொண்டுபோனேன். என்னிடமும் நிசாரிடமும் அதே இனம் இருந்தது. மூன்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் பரப்பி, "இந்தப் பழைய இரும்பு இப்ப வாறதில்ல, உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தும் ஒரு புள்ளி துருவில்ல, பாருங்க" என்று ஏலம் விடுகிறவன்மாதிரிக் கத்தினேன். பொத்துவில் ஆள் ஒருவர் வெள்ளைக்காரனிடம் வாங்கியதைக் காட்டி விலை சொன்னதும் எழும்பி, அந்தப் பக்கம் போய்க் குறைக்கத் தொடங்கிவிட்டேன். பொழுது பட்டு மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் திரும்பி வந்து பார்த்தால், மூன்று குறடும் பூட்டி மடித்து வரிசையாக இருந்தன. யாரோ உதவி செய்திருக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டேன். வாத்தியாருக்கு மட்டும் முகம் சரியில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறபோது, "அடுத்த ஆள் நம்பித் தந்த சாமானையா காக்கா இப்பிடிக் கழட்டிப் பரப்பின நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குமிழ் போன கதை

சனிக்கிழமை காலை காக்கா வந்தார். நான் குறட்டை இரண்டு கையாலும் ஒருதடவை விரித்து மூடிக் கொடுத்தேன். இடது கையால் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குமிழ் ஆடுகிறது என்று தெரிந்திருக்கும். அவருக்கும் அன்றைக்கு அவசரம். நான் எண்ணெய் விட்ட சாமான்தானே என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை கடலில் வலை எதிலோ மாட்டி இழுத்திருக்கிறது. கயிறு அவருடைய வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. இடது கையால் குறட்டை எடுத்துக் குமிழைத் தள்ளியிருக்கிறார். அலகு வரவில்லை, குமிழ் மட்டும் கழன்று கடலுக்குள் போய்விட்டது. கயிற்றைத் தளர்த்தப் பார்த்து இடது கையை விட்டபோது, பெருவிரல் கயிற்றுக்கும் தோணி விளிம்புக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. பக்கத்துத் தோணிக்காரர்கள் வந்து கயிற்றை வெட்டித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் முந்திரிப்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. பெருவிரல் இனி மடங்குமா என்று டொக்டர் சொல்லவில்லையாம். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் கதையைத் தொடங்கினார். "கத்தியக் கொண்டு போய் புதுக் குமிழ் ஒண்டு போட்டு வைங்க தம்பி, விரல் மடங்கினா வந்து எடுப்பன்" என்றார்.

கீறல் இல்லாத அலகு

குமிழ் போட என்று மேசையில் வைத்து விரித்தபோதுதான் கண்டேன். அலகின் அடியில் என் கிரைண்டர் போட்ட கீறல் இல்லை. திருப்பிப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன், இல்லவே இல்லை. என்னுடைய குறட்டைக் கழற்றிப் பார்த்தேன், அதிலும் இல்லை. தவறுதலாக மாறியிருந்தால் குமிழும் அலகோடு சேர்ந்து போயிருக்கும். ஒருவன் உட்கார்ந்து, குமிழைக் கழற்றி, தன் அலகில் மாட்டி, எனக்குத் தெரியாமல் இருக்கப் பூட்டி வைத்திருக்கிறான். அந்த நட்சத்திரத் தலைத் திருகாணிக்குச் சாவி சாக்கைச் சுற்றிக் கூடுகிற எங்கள் ஆக்களிடம் மட்டுந்தான் இருக்கிறது. மாட்டியவன் அவசரத்தில் குமிழை முறுக்காமல் விட்டுவிட்டான்.

எனக்குத் தலை கொதித்தது. அடுத்த கூட்டம் வரை பொறுக்கவில்லை. நேரே சம்மாந்துறைக்குப் போய், வேலைத்தலத்தில் நாலு பேருக்கு முன்னால் நிசாரைக் கள்ளன் என்று சொல்லிவிட்டேன். அதே இனம் வைத்திருக்கிறவன் அவன் ஒருவன்தானே என்பது என் கணக்கு. நிசார் உள்ளே போய், தன்னிடம் இருந்த குறடுகள் அத்தனையையும் கொண்டுவந்து கிறீஸ் துணியில் கொட்டினான். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எதிலும் என் கீறல் இல்லை. பதினாறு வருசம் ஒரே சாக்கில் இருந்த சிநேகிதன், கையைத் துடைத்துக்கொண்டே, "பாத்து முடிஞ்சா எல்லாத்தையும் பூட்டி வெச்சிட்டுப் போ, மறுகா இந்தப் பக்கம் வராத" என்றான்.

காக்கா சொன்னது

மிச்சம் இருந்தது காக்காவிடம் சொல்கிற வேலை. மூன்று நாள் கடத்தினேன். போய் எல்லாவற்றையும் சொன்னேன்: அமானிதத்தைக் காட்சிக்கு வைத்தது, மூன்றையும் ஒரேயடியாகக் கழற்றியது, சோதிக்காமல் கொடுத்தது, நிசாரை அவமானப்படுத்தியது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்திருந்தது. பெருவிரல் மரக்கட்டைமாதிரி நேராக நின்றது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடித்தார்.

ஆளைக் கண்டுபிடித்தே தீருவேன், பேரைப் பசார் முழுக்கச் சொல்லுவேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு, கோபமே இல்லாத குரலில், "முழுக் கத்தியையும் களவெடுத்திருந்தா நான் மடக்காத பழைய மீன்கத்தியக் கொண்டு போயிருப்பன் தம்பி, அதுக்குக் குமிழ் தேவல்ல" என்றார்.

அந்தச் சொல்லை உனக்குக் கொண்டுவந்து தருகிறேன், வைத்துக்கொள். பழைய இரும்பு என்று ஆசைப்பட்டாய். அந்த ஆசை எனக்கும் விளங்கும், வாய் கிழியக் கத்தி ஆசையை மூட்டியவனும் நான்தான். என் பிழைக்கு நான் அவர் வாசலில் போய் நின்றேன், இனியும் நிற்பேன். நிசாரின் வேலைத்தலத்துக்கு இரண்டு தரம் புறப்பட்டுப் பாதி வழியில் கிறுகித் திரும்பிவிட்டேன், அதற்கும் போவேன். ஆனால் உன் பங்கை நான் சுமக்க ஏலாது. இப்போது உன் பெட்டியைத் திற. அலகின் அடியில் நெல்மணி நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். மினுக்கி அழிக்கப் பார்க்காதே, அது என் கை தவறி விழுந்தது, அது இருக்கிறபடியே அவருக்கு வேண்டும். என் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். சாய்ந்தமருதுக்குப் போய், அந்த மடங்காத விரலை உன் கண்ணால் பார்த்து, அலகை அந்தக் கையில் நீயே வை.

வாழ்நாள் முழுக்க எல்லாச் சாமானுக்கும் விலை குறைத்துக் கேட்டவன் நான், இதில் மட்டும் ஒரு துளியும் குறைக்க மாட்டேன், கொண்டுபோய்க் கொடு.