என் கையெழுத்தில் எனக்கே வந்த கடிதங்கள்

போன வாரம் புஜ் தபால் நிலையத்தில் கட்டுரை உறையை ஒட்டப் பசைக் கிண்ணத்தில் விரலை விட்டேன். அந்தப் புளித்த வாடை இருக்கிறதே, டிக்கெட்கூட வாங்காமல் என்னை ஆரணிக்கு அனுப்பிவிட்டது.

எழுபதுகளின் கடைசி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த மிதப்பில் ஊர்களையும் கோயில்களையும் பற்றிப் பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு எழுதித் தள்ளினேன். கட்டுரையோடு, நம் விலாசத்தை நாமே எழுதி, ஸ்டாம்பு ஒட்டிய உறையும் வைக்கவேண்டும். பிடிக்காவிட்டால் அதில் போட்டுத் திருப்பிவிடுவார்கள். என் எழுத்து அவர்களுக்குப் பிடிக்காமலே இருந்தது.

எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் வந்து நின்றார். "இன்னாடி, உம் பொண்ணு தனக்குத்தானே லெட்டர் போட்டுக்கினு கீறாளாமே? எங்கனா கூட்டிம்போயி மந்திரிச்சுட்டு வா!"

நைனா, அதாவது என் அப்பா, தறியை விட்டு எழாமலே கெடு வைத்தார். "தீபாளிக்குள்ள ஒண்ணு அச்சுல வரட்டும்மே. வந்தா ஒரிசா கோயில பாத்து எழுதணும்னியே, போ. வரலன்னா சேத்துப்பட்டு மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடு."

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சேலையில் ஒரு புட்டா கோணினாலும் பிடித்துவிடும் கண். என் எழுத்தோ வரிசையாக வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். தபால்காரரிடம் உறையை வாங்கியதுமே, "இதுவும் உன்துதாம்மே" என்று நீட்டிவிடுவார். ஆறு முறை நீட்டினார். ஏழாவதற்குப் பதில் வருமுன், சேத்துப்பட்டுக்காரர்கள் பெண் பார்க்க நாள் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். நைனா தெருமுனையிலிருந்து கார்டை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"ம்மே! ஜல்தி வா! இது உன் கையி இல்ல! எழுத்து நிமிந்துகினு நிக்குது!"

வாங்கிப் படித்தேன். அடுத்த இதழில் போடுகிறார்களாம். போட்டார்கள். நான் ஒரிசா போனேன். சேத்துப்பட்டு மாப்பிள்ளை தப்பித்தார்.

அப்புறம் எத்தனையோ ஊர்கள். இதற்கிடையில் நைனா முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டப் பழகிவிட்டார். இப்போது என் கட்டுரைகளை விரல் வைத்துப் படித்து, 'போளூர் பஸ் அங்கு நிற்காது' என்று எனக்கே கார்டு போடுகிறார். கடிதம் எது வந்தாலும், "இரு, படிச்சுட்டு சொல்றேன்" என்று அரைமணி நேரம் காக்கவைக்கிறார்.

எட்ட நின்று பார்த்தே சேதி சொல்லும் மனிதர் ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். படிக்கக் கற்றதும் அவரைக் காணோம்.