மாரிக்குப்பம் ரயிலில் ஏறும் நாய்

பங்காருபேட்டை ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தேன். பின்னால் விட்டு வந்தது ஒரு டிபன் ஓட்டல். அங்கே மாவு அரைத்தேன், பாத்திரம் கழுவினேன், அரிசி மூட்டைகளின் மேல் தூங்கினேன். கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். முந்தின நாள் முதலாளியின் மைத்துனர் என்னை ஈரத்துணியால் அடித்தார். அதே துணியைப் பிடுங்கி நானும் அவரை அடித்தேன். இருவருக்கும் பெரிதாக வலிக்கவில்லை, ஆனால் வேலை போய்விட்டது. ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் பக்கம் போனால் ஏதாவது கிடைக்கும் என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

கீழே பிளாட்பாரத்தில், கோலார் தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயில் நின்றிருந்தது. அதன் பக்கத்திலிருந்து யாரோ "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டார்கள். பார்த்தால் என் அக்காவின் வீட்டுக்காரர். பெங்களூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். யூனிபாரம் போட்டிருந்தார், ஆனால் பெல்ட் இடுப்பில் இல்லை. அது ஒரு நாயின் கழுத்தில் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி எல்லாரையும் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா மச்சான், எங்க கெளம்பிட்ட?"

"குப்பம், மாமா."

"குப்பத்துல இன்னா கீது?"

"தெரியாது."

"அப்ப இத்த புடி."

பெல்ட்டை என் கையில் திணித்தார். "இது மூணாவது தபா. ரயில்ல ஏறி சீட்டுக்கு அடியில பூந்துக்குது. ரெண்டு தபா நானே எறங்கி வூட்டுக்கு இட்னு போனேன், ரெண்டு நாள் வேல போச்சு. நீ இட்னு போய் வூட்ல வுடு. நைனா தனியா கீறாரு." ரயில் நகர்ந்தது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறிக்கொண்டார்.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். ஆட்டோக்காரர் நாயைப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னையும் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் ஏற்ற மாட்டேன் என்றார். அதனால் கோலார் தங்கவயல் வரை நடந்தோம். வழியில் மாமா போன் செய்தார். "சூப்பர்வைசர் சொல்ட்டான் மச்சான். இன்னொரு நாள் வரலன்னா அப்பறம் வரவே வேணாமாம். இந்த வாரம் பாப்பேன். இனிமே அது ரயில் ஏறிச்சுன்னா நான் எறங்க மாட்டேன். பெங்களூர்ல எங்கனா வுட்டுட்டு வந்துடுவேன். நீயே நைனாகிட்ட பதமா சொல்லிடு."

நைனா என்பது மாமாவின் அப்பா. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. ஆண்டர்சன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்; இந்தச் சுவரில் தும்மினால் அந்தச் சுவரில் பதில் வரும். மாமா விடிவதற்குள் போய் ராத்திரி வருவார். அக்கா பஜாரில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். பகல் முழுக்க வீட்டில் நைனாவும் நாயும்தான். சுரங்கத்துத் தூசி நைனாவின் நெஞ்சில் தங்கிவிட்டது. குழாயடி வரை போனாலே நின்று மூச்சு வாங்குவார்.

கறிக்கடைக்குப் பின்னால் சொறி பிடித்துக் கிடந்த நாயை அக்காதான் எடுத்து வந்தாளாம். வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் குளிப்பாட்டி, மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டு, களியும் எலும்புத் தண்ணீரும் கொடுத்துத் தேற்றினாள். அதற்குப் பெயர் இல்லை. அக்கா கண்ணு என்பாள், மாமா சனியன் என்பார், நைனா டேய் என்பார். மூன்றுக்கும் ஓடி வரும்.

மாமா சொன்னதை நைனாவிடம் பதமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குப் பதமாகச் சொல்ல வராது. "இன்னொரு தபா ஏறினா பெங்களூர்ல வுட்டுடுவாராம்" என்று சொல்லிவிட்டேன்.

நைனா நாயைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அவன் வுடுவான்" என்றார். "அவனுக்கும் வேற வழியில்ல." பிறகு நாயின் காதைப் புரட்டி உண்ணி பார்க்க ஆரம்பித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அக்கா தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என்னை முறைத்தாள்.

"ஒன்ன யார்ரா சொல்லச் சொன்னது?"

"மாமாதான்."

"அவரு சொன்னா? அவருக்கே சொல்ல தைரியமில்லாமதான் ஒங்கிட்ட சொன்னாரு. மாவு அரைக்கிற எடத்துல மூளையும் அரைச்சிட்டானுங்களா?"

அதனால் குப்பம் போவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

நாய் ரயில் ஏறாமலிருக்க அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று அக்கா சொன்னாள். கயிற்றில் கட்டினார்கள், கடித்துவிட்டது. சங்கிலியில் கட்டினார்கள், கட்டிலோடு வாசல் வரை வந்துவிட்டது. கட்டிலில் நைனா படுத்திருந்தார். உள்ளே வைத்துப் பூட்டினால் ஊளையிட்டது. பக்கத்துச் சுவரிலிருந்து ஆரம்பித்து லைன் கடைசி வரை எல்லாரும் எழுந்து வந்து சண்டை போட்டார்கள். வயிறு முட்டச் சோறு போட்டால் தூங்கிவிடும் என்று அக்கா சொல்லி, முந்தின நாள் பிரியாணி போட்டார்கள். அதைத் தின்றுவிட்டு நாய் இன்னும் உற்சாகமாக ஸ்டேஷனுக்கு ஓடியது. கடைசியில் மாமா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் பின்பக்கமாக, சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிப் போனார். ஸ்டேஷனில் நாய் அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"அது அறிவில்லாத நாய் கெடையாது" என்றார் நைனா. "நீங்கள்லாம் அதுக்கு ஒண்ணும் சொல்லித் தரல. நான் சொல்லித் தந்திருக்கேன். பாக்கறியா?"

நைனா, தங்கச் சுரங்கம் மூடும் வரை அங்கே பெல் அடித்த ஆள். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பேர். கேஜ் ஓட்டுகிறவர் தூரத்தில், மேலே இருப்பார். கீழே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது; பெல் சொல்வதுதான் அவருக்குக் கண். அந்த பெல்லை வருஷக்கணக்காக அடித்தவர் நைனா.

மூலையில் பலகைப் பெட்டி ஒன்று கிடந்தது. அதுதான் நாய்க்குப் படுக்கை. நைனா பீங்கான் தட்டையும் கரண்டியையும் எடுத்தார். மூன்று தட்டு தட்டினார். வாசலில் கிடந்த நாய் பாய்ந்து வந்து பெட்டிக்குள் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்தது.

"மூணு அடிச்சா ஆள் ஏறுதுன்னு அர்த்தம். ஏறிட்டா சோறு."

ஒரு பிடி களியை உள்ளே வைத்தார். தின்று முடித்ததும் இரண்டு தட்டு. நாய் இறங்கியது. மறுபடி மூன்று, நாய் ஏறப் போனது, ஒரு காலைத் தூக்கியபோது நைனா ஒரே ஒரு தட்டு தட்டினார். நாய் அப்படியே நின்றது. தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது.

"ஒண்ணுன்னா நில்லு. ரெண்டுன்னா எறங்கு. அவ்ளோதான் ஒலகம்."

நான் பல ஊர்களில் பல முதலாளிகளிடம் இருந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக வேலை சொன்னவர் யாருமில்லை. ஆனால் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிற நாய் எதற்காக ரயில் ஏறுகிறது என்பது எனக்கும் தெரியவில்லை, நைனாவுக்கும் தெரியவில்லை. "ரயில் பாக்க ஆசையா இருக்கும்" என்றார். "நானும் சின்ன வயசுல அப்பிடித்தான்."

மறுநாள் காலையில் நாய் கிளம்பியபோது அதைத் தடுக்காமல் நானும் கூடப் போனேன். மாமாவுக்கு அவருடைய பெல்ட் திரும்பக் கிடைத்துவிட்டது, அதனால் அக்காவின் பழைய துப்பட்டாவை நாயின் கழுத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மாமா எங்கள் இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி முன்னால் நடந்தார்.

"மச்சான், கெட்டியா புடி."

"புடிச்சிருக்கேன் மாமா."

"ஒன்ன நம்பிதான் போறேன்."

"யாரும் என்ன நம்பி எங்கியும் போனதில்ல மாமா."

"அதான் பயமா கீது."

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் தயாராக நின்றிருந்தது. டிபன் பாக்ஸோடு ஊரே அங்கே இருந்தது. நாய் பிளாட்பாரத்தில் பதவிசாக உட்கார்ந்து போகிறவர்கள் கால்களை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா ஏறினார், நாய் அசையவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கூப்பிடுவது போலக் கையாட்டினார், அப்போதும் அசையவில்லை. எனக்கே ஏமாற்றமாக இருந்தது. சட்டைப் பையில் பீடி தேட ஒரு கையை விட்டேன்.

அப்போது சிக்னல் விழுந்தது. டீக்கடைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட, சீட்டாடுகிற கும்பலில் ஒருவன் வாசலில் நின்று, ரயில் பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையால் அடித்தான்.

மூன்று அடி.

அந்த ரயிலில் போகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் கேஜைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுடைய அப்பன்கள் அடித்தார்கள், இவர்களும் அடிக்கிறார்கள். டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் ஓடி வந்து ஏறினார்கள். அவர்களோடு நாயும் ஓடியது. துப்பட்டா என் கையிலும் நாயின் கழுத்திலும் பாதிப் பாதியாகக் கிழிந்தது.

ஏறினால் சீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்து களிக்காகக் காத்திருக்கும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. ஜன்னலில் மாமாவின் முகம் போன விதத்தைப் பார்த்தேன். ஓடிப்போய் ரயில் பெட்டியில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

நாய் நின்றது. முன்கால்கள் இரண்டும் ரயிலுக்குள், பின்கால்கள் பிளாட்பாரத்தில். வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு, சிலை மாதிரி. பின்னால் ஏற வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"யோவ், நாய இயு" என்றார் ஒருவர். இழுத்தேன். அசையவில்லை. நில் என்றால் நில்தான்.

"உள்ள தள்ளு, ரயிலு போவுது" என்றார் இன்னொருவர்.

"தள்ளாத" என்று உள்ளேயிருந்து மாமா அலறினார்.

கார்டு விசில் ஊதினார். கை எரிந்தது, இருந்தாலும் தகரத்தில் இரண்டு அடி அடித்தேன். நாய் முன்கால்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தது. வாசலோரம் தூங்கி வழிந்துகொண்டிருந்த நரைத்த தலைக்காரர் ஒருவரும் டிபன் பாக்ஸோடு இறங்கி நாயின் பக்கத்தில் நின்றார்.

"நீங்க ஏன் பெரியவரே எறங்கினீங்க?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "ரெண்டு அடிச்சாங்களே" என்றார்.

அவரைப் பிடித்து மறுபடி ஏற்றுவதற்குள் ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. மாமா ஜன்னலில் இருந்தபடி கைகூப்பினார். எனக்கா, நாய்க்கா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நைனா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், நாய் தெருமுனையில் திரும்பியதும் எழுந்து நின்றுவிட்டார். நான் சொல்லச் சொல்ல மூச்சு வாங்கச் சிரித்தார்.

"அடங்கோ, ரயிலுக்கு மூணு அடிக்கிறானுங்களா இன்னும்?"

"அடிக்கிறாங்க நைனா. அதான் தொல்லையே. நீங்க ஏறுறதுக்கு மூணுக்குப் பதிலா நாலு அடிச்சுப் பயக்கிட்டா முடிஞ்சுது. ரயிலுக்கு ஏறாது."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "சிக்னல மாத்தறதா?"

"நாய்க்குத்தானே நைனா."

"ஒரு தபா ஒருத்தன் மாத்தி அடிச்சான்." நாயின் கழுத்தில் தொங்கிய துப்பட்டாத் துண்டை அவிழ்த்தார். "நாய்க்கா இருந்தாலும் மாத்தக்கூடாது" என்றார்.

ஆக, மூன்று அடியையும் மாற்ற முடியாது, ரயில்காரர்களையும் மாற்ற முடியாது, நாயை வீட்டில் பூட்டவும் முடியாது. ரயில் நேரத்தில்தான் லைனுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது, அக்கா குடத்தை விட்டுவிட்டு வர முடியாது. நைனாவால் குழாயடி தாண்டி நடக்க முடியாது. மீதி இருப்பது யார் என்று மூன்று பேரும் யோசித்தோம். நாயும் யோசித்தது.

"குப்பத்துல இன்னாடா கீது?" என்றாள் அக்கா.

"அதையேதான் மாமாவும் கேட்டாரு."

சாயங்காலம் அடுத்த லைனிலிருந்து ஒரு அம்மா வந்தார். புருஷன், மகன், மருமகள் எல்லாரும் அதே ரயிலில் போகிறவர்களாம். காலையில் மகன் போன் செய்து சொல்லியிருக்கிறான். அவர்களும் ஒரு நாய் எடுத்து வளர்க்கிறார்கள். வெள்ளை, குட்டையாக இருக்கும், யார் சொன்னாலும் கேட்காது. பகலெல்லாம் அந்த அம்மாவின் புடவையைக் கடித்து வைக்கிறது.

"ஸ்டேஷனுக்கு இட்னு போய் இட்னு வர, குளிப்பாட்ட, கொஞ்சம் ஒயுங்கு கத்துக்குடுக்க ஒரு ஆள் வேணும்" என்றார். "ஒனக்கு நாய் பயக்கத் தெரியுமாப்பா?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெரியும்" என்றார் உள்ளேயிருந்து நைனா. "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு வருவான்."

மறுநாள் காலையில் இரண்டு நாய்களோடு பிளாட்பாரத்தில் நின்றேன். தகரத்தில் மூன்று அடி விழுந்தது, நான் ஒன்று அடித்தேன், பிறகு இரண்டு. எங்கள் நாய் இறங்கி உட்கார்ந்தது. வெள்ளை நாய்க்கு ஒன்றும் தெரியாது. என் முழங்காலுக்குக் கீழே கடித்தது, ஆழமாக இல்லை. மாமாவின் ரயில் போன பிறகு அந்த அம்மா வீட்டுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் பிடித்து, அந்த நாயைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, காதில் ஆரம்பித்து உண்ணி எடுத்தேன்.