இரண்டாவது அடி

2008-ஆம் வருஷம். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலூர் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்தேன். முண்டியடித்து ஏறிப் பார்த்தால் துண்டு தரையில் கிடந்தது. சீட்டில் என் வயசுள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"துண்டு கண்ணுக்குத் தெரியலயா?" என்று சட்டையைப் பிடித்தேன்.

"சத்தியமா பாக்கலைங்க. கீழ விழுந்திருக்கும்."

அறைந்தேன். உதடு கிழிந்தது. "சரி சார், நீங்களே உக்காருங்க" என்று எழுந்துகொண்டார். எழுந்தவரின் மூக்கில் மறுபடியும் குத்தினேன். ரத்தம் சட்டையெல்லாம் கொட்டியது.

கண்டக்டர் ஓடிவந்து என்னை இழுத்தார். "அவருதான் எழுந்துட்டாருல்ல, இன்னும் ஏன்யா அடிக்கிற?"

பதில் எனக்குத் தெரியும். அன்று காலை வகுப்பில்தான் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன். நரம்பின் கட்டளை நொடியில் ஓடி முடிந்துவிடும். அது கிளப்பிவிட்ட அட்ரினலின் என்ற ஹார்மோன் மட்டும் ரத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். சண்டை முடிந்தது அதற்குத் தெரியாது. முதல் அடி நான், இரண்டாவது அட்ரினலின் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் குனிந்து என் துண்டை எடுத்து, தூசி தட்டி நீட்டினார். கை வெடவெடவென்று நடுங்கியது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தேன். நரம்பு புடைக்க இறுக மூடியிருந்தது.

அதே அட்ரினலின்தான் அவர் ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. கடலூர் வரை என் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். அந்தக் கை உயரவே இல்லை.